வேணும்னே தோத்த ஒரு மேட்ச்

போன வார எபிசோடோட எழுத்து வடிவம் இது. கேட்க நேரமில்லாதவங்களுக்காகவும், கேட்டுட்டு “அந்தப் பேரெல்லாம் இன்னொரு தடவை சொல்லுங்க”ன்னு கேட்டவங்களுக்காகவும். பேச்சுல வந்த தடுமாற்றங்களை எடுத்திருக்கோம், மத்தபடி சொன்னது சொன்னபடிதான்.

டிவி ஸ்டாண்டுல ஒரு கப்

கிருஷ்ணன்கோவில்ல எங்க வீட்டு டிவி ஸ்டாண்டுல ஒரு சின்ன கப் இருக்கு. அடியில ‘இரண்டாம் பரிசு’ன்னு எழுதியிருக்கும். பளபளப்பெல்லாம் எப்பவோ போயாச்சு. இப்போ அதுக்குள்ள அம்மா ஊக்கு, ரப்பர் பேண்ட், பழைய சாவி எல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. சொந்தக்காரங்க யாராவது வந்தா, “பையன் ஷட்டில்ல வாங்கினது”ன்னு அப்பா அதை எடுத்துக் காட்டுவார். அப்போ நான் ஏதாவது சாக்கு சொல்லிட்டு மாடிக்குப் போயிடுவேன்.

ஏன்னு இதுவரைக்கும் வீட்ல சொன்னதில்ல. இங்கே சொல்லிடறேன். அந்தக் கப்புக்காக நான் ஒரு மேட்ச்சை வேணும்னே தோத்தேன்.

ஊர் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து ராஜபாளையம் போற ரோட்டுல, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொஞ்சம் முன்னாடி வர்றது கிருஷ்ணன்கோவில். வத்திராயிருப்புக்கு ரோடு பிரியிற இடம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போற கூட்டம் எங்க ஊர் வழியாவும் போகும். மேற்கே பார்த்தா மலை. வெட்டவெளி கோர்ட்டுல காத்து அடிச்சா காக் ஒரு இடத்துல நிக்காது, அதனால எங்க பக்கம் டோர்னமென்ட் எல்லாம் காத்து அடங்கின பிறகு ராத்திரியிலதான். நாலு கம்பம் நட்டு, ஃபோகஸ் லைட் கட்டி, சுண்ணாம்புல கோடு போட்டா கோர்ட் ரெடி.

2013 பொங்கல். எனக்கு 18 வயசு. பக்கத்து ஊர் ஒண்ணுல டபுள்ஸ் டோர்னமென்ட். ரெண்டு குரூப், ஒரு குரூப்புக்கு மூணு டீம். குரூப்புல முதல் ரெண்டு இடம் வர்றவங்க செமிஃபைனல். பரிசு ஃபைனலுக்கு வர்ற ரெண்டு டீமுக்கு மட்டும்தான்.

எங்க குரூப்புல நாங்க, உள்ளூர்ப் பசங்க ரெண்டு பேர், அப்புறம் வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி. அந்த அண்ணன் தம்பியை நாங்க 2-0ன்னு ஜெயிச்சோம். ஆனா ரெண்டு செட்டுமே இழுத்துப் பிடிச்சு ஜெயிச்சதுதான். அவங்க உள்ளூர்ப் பசங்களை 2-1ன்னு ஜெயிச்சாங்க. கடைசி மேட்ச் எங்களுக்கும் உள்ளூர்ப் பசங்களுக்கும். நாங்க ஜெயிச்சா நாங்க முதலிடம், அண்ணன் தம்பி ரெண்டாமிடம், கணக்கு முடிஞ்சுது.

அதுக்குள்ள அடுத்த குரூப்புல ஒரு எதிர்பாராத விஷயம் நடந்துடுச்சு. டோர்னமென்ட்லயே பெரிய டீம் ஒரு மேட்ச் தோத்து ரெண்டாமிடத்துக்கு வந்துட்டாங்க. நாங்க முதலிடம் வந்தா செமில அவங்களோட ஆடணும், அதாவது பரிசு இல்லாம வீட்டுக்குப் போகணும். ரெண்டாமிடம் வந்தா செமில சுலபமான டீம்.

என் பார்ட்னர் காதுல வந்து சொன்னான்: “மாப்ள, 2-0ன்னு தோத்தாக்கூட செட் கணக்குல நமக்குத்தான் ரெண்டாமிடம். போட்டுப் பார்த்துட்டேன்.” போட்டுப் பார்த்தது சரிதான். மூணு டீமுக்கும் ஆளுக்கு ஒரு வெற்றி. செட் வித்தியாசத்துல உள்ளூர்ப் பசங்க முதலிடம், நாங்க ரெண்டாமிடம், அண்ணன் தம்பி வெளிய.

தோத்தோம். சர்வீஸை நெட்ல அடிச்சேன். லிஃப்டை கோட்டுக்கு வெளிய தூக்கிவிட்டேன். எதிர்ல இருந்தவங்க எங்களுக்கு இன்னைக்கு ஆட்டம் வரலன்னு நினைச்சு உற்சாகமாயிட்டாங்க. கம்பத்துக்குப் பக்கத்துல அந்த அண்ணன் தம்பி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மேட்ச் முடிஞ்சதும் ஒண்ணும் சொல்லல. ராக்கெட்டை உறையில போட்டுக்கிட்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போயிட்டாங்க.

செமில ஜெயிச்சோம். ஃபைனல்ல அந்தப் பெரிய டீம் எங்களை அடிச்சு நொறுக்கினாங்க. இரண்டாம் பரிசு. கப், ரொக்கம், போட்டோ.

இதுல நான் என்ன தப்பு பண்ணினேன்? பொய் சொல்லல, யாரையும் அடிக்கல, விதி எதையும் மீறினதா அன்னைக்கு யாரும் சொல்லல. என் மேட்ச், நான் தோக்குறேன், உனக்கென்ன? பல வருஷம் இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதே கணக்கை, அதே ஷட்டில்ல, அதுக்கு ஆறு மாசம் முன்னாடி ஒலிம்பிக்ஸ்லயே போட்டிருக்காங்கன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

லண்டன், 2012 ஜூலை 31

வெம்ப்ளி அரீனா. பெண்கள் இரட்டையர் பேட்மின்டன். அதுக்கு முந்தைய ஒலிம்பிக்ஸ்களில் இரட்டையர் ஆட்டம் நேரடி நாக்-அவுட். தோத்தா வீட்டுக்கு. லண்டன்ல புதுசா குரூப் சுற்று கொண்டுவந்தாங்க. 16 ஜோடி, 4 குரூப், ஒவ்வொரு குரூப்பிலும் முதல் ரெண்டு ஜோடி காலிறுதிக்கு. முதல் சுற்றிலேயே யாரும் மூட்டை கட்டிட வேண்டாம், எல்லாருக்கும் குறைஞ்சது மூணு மேட்ச் கிடைக்கட்டும்னு நல்ல எண்ணம்தான்.

அன்னைக்கு ஒரு குரூப்பில் சீனாவின் தியான் சிங், ஜாவ் யுன்லெய் ஜோடி டென்மார்க் ஜோடியிடம் தோத்து ரெண்டாமிடம் வந்தது. யாரும் எதிர்பார்க்காத தோல்வி. அதிலிருந்து சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சது.

இன்னொரு குரூப்பில் சீனாவின் இன்னொரு ஜோடி, உலக சாம்பியன்கள் யூ யாங், வாங் சியாவ்லி. எதிரில் தென் கொரியாவின் ஜங் கியுங் உன், கிம் ஹா நா. ரெண்டு ஜோடியும் ஏற்கெனவே காலிறுதிக்குத் தகுதி பெற்றாச்சு. இந்த மேட்ச்ல முடிவாக வேண்டியது யார் முதலிடம் என்பது மட்டும்தான். முதலிடம் வந்தால், ஃபைனலுக்கு முன்னாடியே தங்கள் நாட்டின் இன்னொரு ஜோடியைச் சந்திக்க வேண்டியிருக்கும். ரெண்டாமிடம் வந்தால் ரெண்டு சீன ஜோடியும் ஃபைனல்லதான் மோதும். அப்போ தங்கமும் வெள்ளியும் ஒரே நாட்டுக்கு.

அதனால் சீன ஜோடி தோற்க விரும்பியது. கொரிய ஜோடிக்கும் முதலிடத்தில் ஆசை இல்லை. யோசிச்சுப் பாருங்க, ஒரு கோர்ட்டுல நாலு பேர், நாலு பேருக்கும் ஜெயிக்க வேண்டாம்.

உலகத்தின் மிகச் சிறந்த வீராங்கனைகள் சர்வீஸை நெட்டில் அடிச்சாங்க. காக்கை வேணும்னே வெளியே தூக்கினாங்க. முதல் செட்டில் மிக நீளமான ரேலி எத்தனை ஷாட் தெரியுமா? 4. காசு கொடுத்து உள்ளே வந்த கூட்டம் கூச்சல் போட ஆரம்பிச்சது. ரெஃப்ரீ உள்ளே வந்து எச்சரித்தார். கடைசியில் சீன ஜோடி 14-21, 11-21 என்று ‘வெற்றிகரமாக’ தோற்றது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு மேட்ச். தென் கொரியாவின் ஹா ஜங் உன், கிம் மின் ஜங் ஜோடிக்கு எதிரே இந்தோனேசியாவின் கிரேசியா பொலி, மெய்லியானா ஜவ்ஹாரி. இதில் ஜெயிக்கிறவங்க காலிறுதியில் அந்த யூ யாங் ஜோடியைச் சந்திக்கணும். அதனால் இங்கேயும் அதே கூத்து. ரெஃப்ரீ தகுதிநீக்கத்துக்கான கருப்பு அட்டையையே காட்டினார், பிறகு பேச்சுவார்த்தை நடந்து அதைத் திரும்பப் பெற்றார். ஆட்டம் தொடர்ந்தது. ஆனா கூட்டம் மன்னிக்கலை.

மறுநாள், ஆகஸ்ட் 1. உலக பேட்மின்டன் சம்மேளனம் நாலு ஜோடிகளையும், அதாவது 8 வீராங்கனைகளையும், ஒலிம்பிக்ஸிலிருந்து நீக்கியது.

குற்றம் என்ன?

இங்கேதான் எனக்கு உறைச்சது. அவங்க மேல் சுமத்திய குற்றத்தில் ஊக்கமருந்து இல்லை, சூதாட்டம் இல்லை. வீரர்களுக்கான நடத்தை விதியில் ரெண்டு பிரிவுகளைக் காட்டினாங்க. ஒண்ணு, ஆட்டத்தை ஜெயிக்கத் தன்னால் முடிந்த முழு முயற்சியைத் தராதது. இன்னொண்ணு, விளையாட்டுக்கே தீங்கு வரும்படி நடந்துகொண்டது.

முதல் பிரிவை இன்னொரு தடவை படிங்க. ஜெயிக்கணும்னு எந்த விதியும் கட்டளை போட முடியாது. ரெண்டு பேர் ஆடினால் ஒருத்தர் தோத்துத்தான் ஆகணும். ஆனா முயற்சி செய்யணும்னு கட்டளை போட முடியும். போட்டு வெச்சிருக்காங்க. நாம சின்ன வயசுலேருந்து “வெற்றி தோல்வி முக்கியமில்ல, கலந்துக்கிறதுதான் முக்கியம்”னு ஸ்கூல் ஆண்டு விழா மேடையில் கேட்டு வளர்ந்திருக்கோம். விதிப் புத்தகம் அதைவிடக் கறாரா இருக்கு. சும்மா கலந்துக்கிட்டா போதாது, உண்மையா ஆடணும்.

இப்போ எதிர்க்கேள்வி. நியாயமான கேள்விதான். அந்த வீராங்கனைகள் நாலு வருஷம் உழைச்சது இந்த மேட்ச்சை ஜெயிக்கிறதுக்கா, இல்ல பதக்கத்தை ஜெயிக்கிறதுக்கா? தோத்தால் பதக்கத்துக்கு வழி சுலபம்னு போட்டியின் அமைப்பே சொல்லுது. அமைப்பை வடிவமைச்சவங்க தப்புக்கு ஆடினவங்களைத் தூக்கில் போடலாமா? புத்திசாலித்தனத்துக்குத் தண்டனையா?

அமைப்பில் ஓட்டை இருந்தது உண்மை. சம்மேளனமே பிறகு அதை ஒத்துக்கிட்ட மாதிரிதான் நடந்தது. அடுத்த ஒலிம்பிக்ஸுக்குள் விதியை மாத்தினாங்க. குரூப் சுற்று எல்லாம் முடிஞ்ச பிறகு, ரெண்டாமிடம் வந்தவங்களைக் குலுக்கல் முறையில் காலிறுதிக்கு ஒதுக்குவாங்க. தோத்தால் யாரோட ஆடுவோம்னு முன்கூட்டியே தெரியாது. தெரியாதபோது தோக்குறதில் லாபமும் இல்லை.

ஆனா ஓட்டை இருந்துச்சுங்கிறது, அது வழியா ஏன் போனாங்கன்னு விளக்கும். போனது சரின்னு ஆக்காது. ஏன்னா நஷ்டம் அந்தக் கோர்ட்டில் இருந்த நாலு பேரோட முடியலை.

கோர்ட்டுக்கு வெளியே நின்னவங்க

அதே லண்டன், அதே பெண்கள் இரட்டையர். இந்தியாவுக்காக ஜ்வாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா. அதுக்கு முந்தைய வருஷம், 2011ல், இதே வெம்ப்ளி அரீனாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினவங்க. ஒலிம்பிக்ஸில் முதல் மேட்ச்சில் ஜப்பானிடம் தோல்வி. அடுத்து சீன தைபே ஜோடியைக் கடுமையாகப் போராடி ஜெயிச்சாங்க. சிங்கப்பூரையும் ஜெயிச்சாங்க. ஆனா ஜப்பான், சீன தைபேயிடம் தோத்தது. மூணு ஜோடிக்கும் ரெண்டு ரெண்டு வெற்றி. கணக்குப் பார்த்தப்போ இந்தியா ஒரே ஒரு புள்ளியில் வெளியே போச்சு.

ஜப்பானும் தைபேயும் ஆடின விதம் சரியில்லைன்னு இந்தியத் தரப்பு புகார் கொடுத்தது. அது ஏற்கப்படலை. ஒண்ணை நான் தெளிவா சொல்லிடணும். அந்த மேட்ச்சில் யாரும் வேணும்னே தோத்தாங்கன்னு நிரூபணமாகலை. ஒரு டீம் சாதாரணமாவும் தோக்கலாம். அந்த ஜப்பான் ஜோடி பிறகு ஃபைனல் வரைக்கும் போய் வெள்ளி வாங்கியது.

ஆனா பாருங்க, வேணும்னே தோக்குறவங்க இருக்காங்கன்னு ஆகிட்டா என்ன நடக்குதுன்னு. அதுக்கப்புறம் நேர்மையா தோத்தவங்க மேலயும் சந்தேகம் வருது. ஒரு புள்ளியில் வெளியே போனவங்களால, “சரி, நாம அந்த ஒரு புள்ளியைக் கோட்டை விட்டோம்”னு மனசு ஆறிப் போக முடியலை.

இன்னொரு பக்கமும் இருக்கு. நீக்கப்பட்ட நாலு ஜோடிகளின் இடத்துக்கு, குரூப்பில் தோத்து நின்னவங்களைக் கூப்பிட்டாங்க. ரஷ்யா, கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா. ஆஸ்திரேலிய ஜோடியில் ஒருத்தர், கோலாலம்பூரில் பிறந்த ரேணுகா வீரன். கனடாவின் அலெக்ஸ் புரூஸ், மிஷெல் லீ ஜோடி குரூப்பில் மூணு மேட்ச்சும் தோத்தவங்க. கிடைச்ச வாய்ப்பில் காலிறுதியை மூணு செட் ஆடி ஜெயிச்சு, அரையிறுதியில் வெள்ளி வாங்கின ஜப்பான்கிட்டயும் ஒரு செட் எடுத்து, நாலாவது இடத்தில் முடிச்சாங்க. ரஷ்ய ஜோடி வெண்கலமே வாங்கியது. “இவங்க எப்படியும் தோக்குறவங்கதானே”ன்னு நாம ஒதுக்கிவெக்கிற ஆளுங்களுக்குள்ள என்ன இருக்குன்னு, கோர்ட்டில் இறக்கிவிட்டாத்தான் தெரியும்.

அப்போ கோடு எங்கே?

அதே 2012 ஜூலை 31. அதே ஒலிம்பிக்ஸ், கார்டிஃப் நகரம். பெண்கள் கால்பந்தில் ஜப்பானுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஆட்டம். ஜெயிச்சு முதலிடம் வந்தால் காலிறுதிக்கு கிளாஸ்கோ வரைக்கும் பயணம் போகணும். டிரா ஆனால் கார்டிஃப்லேயே இருக்கலாம். 0-0. கோல் போட வேண்டாம்னு தான்தான் சொன்னதாகப் பயிற்சியாளர் நோரியோ சசாகி பிறகு வெளிப்படையாகவே ஒத்துக்கிட்டார். தண்டனை? ஒண்ணுமில்லை. ஜப்பான் வெள்ளிப் பதக்கத்தோட ஊர் திரும்பியது.

ஒரே நாள், ஒரே மாதிரி கணக்கு. ஒருத்தருக்கு வெளியேற்றம், ஒருத்தருக்கு வெள்ளி. விதிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கோடு போடுறதில்லை. அதனால் நாமளே யோசிக்க வேண்டியிருக்கு.

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் மூணு வகை இருக்கு.

முதல் வகை, சக்தியைச் சேமிக்கிறது. உசேன் போல்ட் தகுதிச் சுற்றில் கடைசிச் சில மீட்டர்களில் வேகத்தைக் குறைப்பார். ஆனா முன்னாடிதான் போயிட்டிருப்பார். ஜெயிக்கத் தேவையான அளவு ஓடுறார், மிச்சத்தை ஃபைனலுக்கு வெச்சுக்கிறார். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ரெண்டாவது வகை, டிரா போதும்னு ஆடுறது. செஸ்ஸில் இது சகஜம், விதியும் அனுமதிக்குது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14வது ஆட்டம். குகேஷும் டிங் லிரெனும் 6.5-6.5. வெள்ளைக் காய் வெச்சிருந்த டிங், காய்களை மாத்தி மாத்தி ஆட்டத்தை டிரா பக்கம் நகர்த்தினார். அதில் நேர்மைக்குறைவு ஏதும் இல்லை. குகேஷ் கையில் ஒரே ஒரு சிப்பாய் கூடுதல், பார்க்கிறவங்க பெரும்பாலானோர் டிராதான்னு முடிவு பண்ணிட்டாங்க. நம்ம சென்னைப் பையன் விடலை. நகர்த்திக்கிட்டே இருந்தார். 55வது நகர்த்தலில் டிங் தப்பு பண்ணினார், 58வதில் தோல்வியை ஒப்புக்கிட்டார். 18 வயசில் உலக சாம்பியன். விதி கேட்கிற முயற்சிக்கும், ஒருத்தர் தானா கொடுக்கிற முயற்சிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்குன்னு அங்கே பார்க்கலாம்.

மூணாவது வகை, தோக்குறதுக்காகவே ஆடுறது. இங்கே முயற்சி குறையலை, திசை திரும்பியிருக்கு. சர்வீஸை நெட்டில் அடிக்கிறதுக்கும் திறமை வேணும், நம்புங்க. நான் அடிச்சிருக்கேன். லண்டன் ஜோடிகளும், கிருஷ்ணன்கோவில் பையனான நானும் இந்த வகை.

எனக்கு நானே வெச்சுக்கிட்ட சோதனை சிம்பிள். நான் இப்போ செய்யிறதை எதிரில் நிக்கிறவன்கிட்ட சத்தமா சொல்ல முடியுமா? “நான் கொஞ்சம் மெதுவா ஆடப்போறேன், காலை ஃபைனலுக்கு வெச்சுக்கணும்”னு சொல்லலாம். “எனக்கு டிரா போதும்”னு சொல்லலாம். “நீ ஜெயிக்கப்போற, ஆனா அது உன்னால இல்ல”ன்னு அந்த உள்ளூர்ப் பசங்ககிட்ட என்னால சொல்லியிருக்க முடியுமா?

ஜெயிச்சவங்களுக்கும் அன்னைக்கு நான் அநியாயம்தான் பண்ணினேன். நல்லா ஆடினோம்னு நினைச்சு செமிஃபைனலுக்குப் போனாங்க, அங்கே நாங்க தப்பிச்ச அந்தப் பெரிய டீம்கிட்ட மாட்டினாங்க. என்னோட முழு முயற்சி எனக்கு மட்டும் சொந்தமான பொருள்னு நினைச்சிருந்தேன், வேணும்னா செலவழிக்கலாம், வேணாம்னா உள்ளே வெச்சுக்கலாம்னு. அப்படி இல்ல. கோர்ட்டுல இறங்கின நிமிஷமே அதுல பாதி எதிராளிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. அவன் ஜெயிச்சான்னா அது நிஜமா ஜெயிச்சதான்னு தெரிஞ்சுக்க அவன்கிட்ட இருக்கிற ஒரே அளவுகோல் நான்தான்.

கணக்குப் போட்டவங்களுக்கு ஒரு கதை

“அதெல்லாம் சரி, கணக்காவது பலிக்குமா?”ன்னு கேட்கிறவங்களுக்கு 1998 டைகர் கோப்பை. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கால்பந்துப் போட்டி, வியட்நாமில் நடந்தது. ஆகஸ்ட் 31ல் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மோதின. ரெண்டும் அரையிறுதிக்குத் தகுதி பெற்றாச்சு. ஜெயிக்கிறவங்க ஹனோய் போய், போட்டியை நடத்தும் வியட்நாமோட, அவங்க சொந்த மைதானத்தில் ஆடணும். தோக்குறவங்களுக்கு சிங்கப்பூர். யாருக்கும் ஜெயிக்க வேண்டாம்.

2-2ல் நின்ன ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இந்தோனேசியாவின் முர்சித் எஃபெண்டி, தன் கோல் போஸ்ட்டுக்குள் தானே பந்தை உதைத்தார். தாய்லாந்து 3-2. எஃபெண்டிக்கு சர்வதேச ஆட்டங்களில் ஆயுள் தடை. ரெண்டு அணிக்கும் தலா 40,000 டாலர் அபராதம்.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கின ‘சுலபமான’ சிங்கப்பூர்? அரையிறுதியில் இந்தோனேசியாவை 2-1ன்னு வீட்டுக்கு அனுப்பியது. ஃபைனலில் வியட்நாமை அதன் மண்ணிலேயே 1-0ன்னு ஜெயிச்சு கோப்பையைத் தூக்கியது. கோல் போட்டவர் ஆர். சசிகுமார். பந்து அவர் தோளில் பட்டு உள்ளே போனது.

இதிலிருந்து ‘தப்பு பண்ணினா தண்டனை நிச்சயம்’னு நீதி சொல்ல வரலை. என் கணக்கு பலிச்சதே, கப் வந்ததே. ஆனா எதிராளி சுலபமா கஷ்டமான்னு காகிதத்தில் போட்டுப் பார்க்கிற கணக்குக்கு, ஆடிப் பார்க்கிறதுக்கு முன்னாடி பெரிய அர்த்தம் கிடையாது.

கிரேசியா பொலி

லண்டனில் நீக்கப்பட்ட 8 பேரில் ஒருத்தர் கிரேசியா பொலி. அப்போ 24 வயசு. அதோட முடிஞ்சதுன்னு பலர் நினைச்சிருப்பாங்க. அவர் தொடர்ந்து ஆடினார். டோக்கியோ ஒலிம்பிக்ஸில், 2021 ஆகஸ்ட் 2ல், இளையவர் அப்ரியானி ரஹாயுவோட சேர்ந்து ஃபைனலில் நின்னார். எதிரில் சீன ஜோடி. ஆட்டத்தின் நடுவில் அவரோட ராக்கெட் கைவிட்டது. ரேலி ஓடிக்கிட்டே இருக்கு. அப்ரியானி ஒத்தையாளா தாக்குப் பிடிக்க, கிரேசியா ஓரத்துக்கு ஓடி வேற ராக்கெட்டை எடுத்துக்கிட்டு வந்து ஆட்டத்தில் சேர்ந்துக்கிட்டார்.

21-19, 21-15. பெண்கள் இரட்டையரில் இந்தோனேசியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். அவருக்கு 33 வயசு.

வேணும்னே தோக்க ஆடின அந்த லண்டன் ராத்திரியையும், ஒரு புள்ளியையும் விடாம ராக்கெட் எடுக்க ஓடின இந்த ஓட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நான் பல தடவை யோசிச்சிருக்கேன். அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் எனக்கும் ஒரு வேலை பாக்கி இருக்குன்னு தோணுச்சு.

பாக்கி

அந்த அண்ணன் தம்பியில் அண்ணன் இப்போ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன மொபைல் கடை வெச்சிருக்கார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ தேடிப் போனேன். என்னை அடையாளம் தெரியாதுன்னு நினைச்சேன். பேரைச் சொன்னதும் ஒரு நிமிஷம் பார்த்தார்.

“அண்ணே, அந்த மேட்ச்ல நீங்க ஏழு சர்வீஸ் நெட்ல அடிச்சீங்க. என் தம்பி எண்ணினான்.”

எனக்குப் பேச்சு வரலை. மன்னிப்புக் கேட்டேன். டீ சொன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார்: “செமில போய் அந்தப் பெரிய டீம்கிட்ட அடி வாங்கியிருந்தாலும் வருத்தம் இல்லண்ணே. நாங்க அப்போ நல்லா ஆடிட்டிருந்தோம். எதுவரைக்கும் போவோம்னு பார்க்க முடியாமப் போச்சு. அது ஒண்ணுதான்.”

கப்பைக் கொண்டுவந்து தரவான்னு கேட்டேன். சிரிச்சுட்டார். “அதை வெச்சு நான் என்ன செய்ய? ஞாயித்துக்கிழமை காலைல வாங்க, ஒரு மேட்ச் ஆடுவோம். தம்பியும் வர்றான்.”

என் பழைய பார்ட்னருக்கு போன் போட்டேன். அவன் மதுரையில் இருந்து பைக்கில் வந்தான். ரெண்டு பேருக்கும் வயிறு போட்டிருந்துச்சு, முழங்கால் ஒத்துழைக்கலை. அவங்க வாராவாரம் ஆடுறவங்க. 21-13, 21-17ன்னு தோத்தோம். ரெண்டாவது செட்ல 17 வரைக்கும் வந்ததுக்கே எனக்கு மூச்சு வாங்குச்சு. கடைசிப் புள்ளிக்கு நான் டைவ் அடிச்சதில் முட்டி தேய்ஞ்சு, அந்தத் தழும்பு இன்னும் இருக்கு.

கைகொடுக்கும்போது தம்பிதான் சொன்னான்: “இன்னைக்கு நெட்ல ரெண்டு சர்வீஸ்ணே.”

எண்ணிக்கிட்டேதான் இருந்திருக்கான். ரெண்டும் நிஜமாவே தப்பி அடிச்சதுதான்.

அடுத்த வாரம் பார்க்கலாம், நண்பர்களே.